இங்கல்ஷம் தேவாலயம்: பெட்டி இருக்கைகளைக் கழற்றலாமா, கூடாதா?

கல்தச்சன்
இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், லெச்லேடு ஊருக்குப் பக்கத்தில் தேம்ஸ் ஆற்றோரம் இருக்கிறது இங்கல்ஷம் செயின்ட் ஜான் தேவாலயம். பெரும்பகுதி 13-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். வாராந்தர வழிபாடு நின்று பல காலம் ஆகிறது. இப்போது, வழிபாடு நின்ற தேவாலயங்களைக் காக்கும் சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. உள்ளே 17, 18-ஆம் நூற்றாண்டுப் பெட்டி இருக்கைகள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன: நெஞ்சளவுக்குப் பலகைத் தடுப்பு, அதற்கு ஒரு கதவு, உள்ளே பெஞ்சு. நடுக்கூடத்தின் பின்பாதியில் இருப்பவற்றையாவது கழற்றி, கச்சேரி, கண்காட்சி, ஊர்க்கூட்டம் நடத்த இடம் விட வேண்டும் என்பது என் வாதம். ஆள் புழங்காத கட்டடத்தில் கூரை ஒழுகத் தொடங்கினால் கவனிக்க நாதியில்லை. போல்டனில் 1881-இல் முடிந்த ஆல் சோல்ஸ் தேவாலயத்தைப் பாருங்கள். மூடிக் கிடந்ததை 2014-இல் சமூக மையமாகத் திறந்தார்கள். அதற்கு மறுபடி உயிர் வந்தது.

தேக்குமரம்
போல்டனை இங்கே கொண்டுவருவது பொருந்தாது. அது பேலி, ஆஸ்டின் என்ற கட்டடக்கலைஞர்கள் தூண்களே இல்லாமல் எழுப்பிய மிக அகன்ற கூடம். சுவரைத் தொடாமல் உள்ளுக்குள் புது அறைகளைத் தனியே நிறுத்த அங்கே இடம் இருந்தது. இங்கல்ஷம் சின்னஞ்சிறு கோயில். பின்பாதி இருக்கைகளை எடுத்தால் கிடைப்பது நாற்பது நாற்காலி போடும் இடம், அவ்வளவுதான்.

இழப்பதையும் கணக்குப் பாருங்கள். தேவாலயங்களை இடைக்கால வடிவுக்குத் திருப்ப விரும்பி 1839-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கத்தார் பெட்டி இருக்கைகளை அறவே வெறுத்தார்கள். வாடகை கொடுத்தவருக்குக் கதவு போட்ட இடம், ஏழைக்குக் கடைசி பெஞ்சு என்ற ஏற்பாட்டை எதிர்த்தது நியாயம்தான். ஆனால் அந்த அலையில் இங்கிலாந்து முழுக்கப் பழைய மரவேலை பிடுங்கி எறியப்பட்டது. இங்கல்ஷம் தப்பியதற்குக் காரணம், 1888–89 பழுதுபார்ப்பில் வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸும் 1877-இல் அவர் முன்னின்று தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கமும் இருப்பதை இருக்கிறபடியே விடச் சொல்லி நின்றது. அன்று தப்பியதை இன்று நாம் கழற்றுவதா?

கல்தச்சன்
வரலாறு சரி, மரம் என்ன ஆகிறது? ஆற்றோர ஈரநிலம். இந்த மாதிரி இருக்கைகளின் அடியில் பலகைத்தளம், அதற்கடியில் மண்ணிலோ செங்கல் வரிசையிலோ கிடந்து அதைத் தாங்கும் துலாக்கட்டைகள். காற்றோட்டம் கிடையாது. சுவரை ஒட்டிய பலகைக்குப் பின்னால் ஈரம் தேங்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த ஓக் மரத்தைத்தான் மரத்தைத் துளைக்கும் டெத்வாட்ச் வண்டு தேடி வரும். கழற்றி, சுண்ணாம்புக் கான்கிரீட் தளம் போட்டால் சுவரும் உலரும், கூடமும் பயன்படும்.

ஓவியப்பிரியா
கழற்றுவது என்று சுலபமாக எழுதுகிறீர்கள் சார். அந்தச் சுவர்களில் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டு வரை ஒன்றின்மேல் ஒன்றாகத் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. சில இடங்களில் ஏழு அடுக்கு. ஒரு வேத வசனத்தின் கறுப்பு எழுத்துக்கிடையில் அதற்கும் முந்தைய காவி நிறக் கோடு எட்டிப் பார்க்கும். எல்லாம் சுண்ணாம்புப் பூச்சின்மேல் நிற்பவை, உறுதியான சாயமல்ல. சுவர்ப்பலகைகளைப் பொதுவாகச் சுவருக்குள் அடித்த மரமுளைகளில்தான் ஆணி வைத்துப் பிடித்திருப்பார்கள். பலகையை நெம்பினால் முளை அசையும், முளை அசைந்தால் காரை உள்ளங்கையளவு பெயர்ந்து வரும். அதோடு போவது எந்த நூற்றாண்டு ஓவியம் என்று பலகையை எடுக்கும்வரை தெரியாது.

கூட்டம் நடத்தினால் வெப்பம் கேட்பார்கள், சிலிண்டர் ஹீட்டர் வரும். 1 கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கும். அது குளிர்ந்த சுவரில் படியும், கூட்டம் கலைந்ததும் காயும். ஒவ்வொரு முறையும் சுவரிலுள்ள உப்பு கரைந்து மறுபடி படிகமாகும்போது வண்ணத்தைப் பின்னாலிருந்து தள்ளும். இங்கிலாந்தின் பல கோயில்களில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாதுகாப்பென்று பூசிய மெழுகே ஈரத்தை அடைத்து ஓவியங்களைக் கறுக்க வைத்தது. நல்லெண்ணம் மட்டும் சுவரைக் காப்பாற்றாது.

ஆற்றங்கரை
இங்கிலாந்தின் விட்பி ஊரிலுள்ள செயின்ட் மேரி கோயிலில் பெட்டி இருக்கைகள் நிறைந்திருந்தும் இன்றுவரை வழிபாடு நடக்கிறது, நடுவில் ஓர் அடுப்பு இருக்கிறது. குளிர்காற்று உட்கார்ந்திருப்பவர்மேல் நேரே அடிக்காமல் காப்பதற்கும் உதவுபவை அந்தத் தடுப்பும் கதவும். இருக்கைகள் இருந்தால் கட்டடம் பயன்படாது என்பதை ஏற்க முடியவில்லை.

தேக்குமரம்
கல்தச்சன், ஈரம் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் அது இருக்கையால் வருவதில்லை, வெளியிலிருந்து வருகிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் கூரைநீரை வாங்கும் தகரவாரியும் அதைத் தரைக்கு இறக்கும் இறங்குகுழாயும். ஆண்டுக்கு இரண்டு முறை, குறிப்பாக இலை உதிர்ந்த பிறகு, அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். மழை பெய்யும்போதே வெளியே நின்று பார்த்தால் எந்த இணைப்பு கசிகிறது என்று புரியும். அடுத்தது வெளித்தரை. நூற்றாண்டுக்கணக்கில் புதைத்ததில் கல்லறைத் தோட்டம் உயர்ந்து, உள்தளத்தைவிட மேடாகிவிடுவது வழக்கம். அதைத் தாழ்த்தலாம், ஆனால் சுவரை ஒட்டி ஆழமாகத் தோண்டினால் ஆழமில்லாத பழைய அஸ்திவாரம் அசையும், எலும்புகளும் வெளிப்படும். தொல்லியலாளர் உடனிருக்காமல் மண்வெட்டி வைக்கக் கூடாது.

மூன்றாவது, சிமென்ட் பூச்சு எங்கிருந்தாலும் அதை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து: ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு சலித்த மணல். கற்களுக்கிடையிலான இணைப்பைக் குறைந்தது 25 மி.மீ. ஆழம் சுரண்டி, நனைத்து, அழுத்தி நிரப்ப வேண்டும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் வேலையே கூடாது. சாந்து இறுகுவதற்குள் உறைந்து உதிர்ந்துவிடும். பூசியதை ஈரச்சாக்கால் மூடி மெதுவாக உலர விடுங்கள்.

வண்டுக்கும் அவசரப்பட்டு மருந்து அடிக்க வேண்டாம். 3 மி.மீ. துளைகள் பல நூறாண்டு பழையவையாகவும் இருக்கலாம். மார்ச் மாதம் துளைகள்மேல் மெல்லிய டிஷ்யூ தாளை ஒட்டுங்கள். வண்டு வெளிவருவது ஏப்ரல் முதல் ஜூன் வரை. ஜூலையில் தாள் கிழியாமல் இருந்தால் அந்த மரத்திலிருந்து இந்த ஆண்டு எதுவும் வெளிவரவில்லை. மரம் உலர்ந்தாலே வண்டின் புழு பெருகாது.

கல்தச்சன்
இவையெல்லாம் செய்ய வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் தகரவாரி சுத்தம் செய்ய ஆள் வேண்டும், ஆளுக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு அந்தக் கூடத்துக்கு ஒரு வேலை வேண்டும். சுவரைத் தொடும் பலகைகளை விட்டுவிடலாம். நடுவில் தனித்து நிற்கும் ஒரு வரிசையில் எது பழைய ஓக், எது பின்னாளில் ஒட்டுப்போட்ட பைன் மரம் என்று ஆராய்ந்து, பைன் மட்டும் எடுத்தால் யாருக்கு நட்டம்?

ஓவியப்பிரியா
அந்த ஒட்டும் ஒரு தச்சன் கைவேலைதான் சார். ஆனாலும் இதைப் பேசலாம். நிபந்தனைகள் உண்டு: ஒவ்வொரு பலகைக்கும் எண், ஒவ்வொரு கீலுக்கும் படம், மூட்டுகளின் வரைபடம், கழற்றியதை வெளியே கொட்டகையில் போடாமல் அதே கோயிலுக்குள் அடுக்க வேண்டும், வேறு காற்றுக்குப் போனால் மரம் முறுக்கிக்கொள்ளும். அதற்கும் முன்னால் ஓராண்டு உள்ளே ஈரப்பதமானி வைத்து, மாதாமாதம் மரத்தையும் சுவரையும் அளந்த பட்டியலை இங்கே போடுங்கள்.

தேக்குமரம்
பட்டியலோடு, தகரவாரி அள்ளிய தேதிகளையும் சேர்த்துப் போடுங்கள். அள்ளிய பிறகும் மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை என்றால் நானே தளப்பலகையைத் திறந்து பார்க்கச் சொல்வேன். இறங்கிவிட்டால் ஒரு ஆணியைக்கூடத் தொட விடமாட்டேன்.