நோஞ்சான் குஞ்சைத் தனியே வைத்துத் தேற்றிய அனுபவம்

ஆறு வாரக் கோழிக்குஞ்சுகள் ஒன்பது இருந்தன. தள்ளி நின்று பார்த்தால் ஒன்பதும் ஒரே உருவம்தான். ஒரு சாயங்காலம் கூட்டில் அடைக்கும்போது கடைசியாக நின்ற குஞ்சைக் கையில் தூக்கினேன், அப்படியே நின்றுவிட்டேன். கையில் கனமே இல்லை. நெஞ்சுக்கு அடியில் விரலை விட்டால் நடு எலும்பு கத்தி முனை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சதை பிடித்திருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். உடம்பில் சூடு தங்காததால் சிறகை உப்பி வைத்திருந்தது. அந்த உப்பலைப் பார்த்து, மற்றதைப் போலவே வளர்கிறது என்று இத்தனை நாள் நம்பியிருக்கிறேன்.

சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து எடை போட்டேன். கூடப் பிறந்தவை 410, 425, 440 கிராம் என்று இருந்தன. இது 236. நாங்கள் இதைச் சிட்டு என்று கூப்பிடுகிறோம், அதனால் இனி அந்தப் பெயரிலேயே எழுதுகிறேன்.

மறுநாள் காலை முழுவதும் கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். தீவனம் வைத்ததும் சிட்டும் ஓடித்தான் வருகிறது. ஆனால் இரண்டு கொத்து கொத்துவதற்குள் பக்கத்துக் குஞ்சு தலையில் ஒன்று போடுகிறது. உடனே பின்வாங்கி மூலையில் போய்க் கண்ணை மூடி நிற்கிறது. இறக்கைகள் தொங்குகின்றன, கழுத்து உடம்புக்குள் போய்விடுகிறது. இருட்டும் நேரத்தில் தடவிப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே வலப்பக்கம் இருக்கும் தீனிப்பை அந்த நேரத்துக்கு உருண்டையாக நிறைந்திருக்க வேண்டும். சிட்டுக்கு அது வெறும் தோலாகத் தொங்கியது.

எச்சத்தில் சளியும் ரத்த இழைகளும் தெரிந்தன. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கோழிகள் இடையிடையே கெட்ட நாற்றத்தோடு பழுப்பாகக் களி மாதிரி ஒரு எச்சம் போடும். அது குருட்டுக்குடலில் இருந்து வருவது, நோய் கிடையாது. செம்மண் நிறத்தில் மெல்லிய தோல் துணுக்கு எப்போதாவது ஒன்று வந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. சிட்டுக்கு வந்தது அது இல்லை. தொடர்ந்து நான்கு எச்சத்தில் ரத்தம் இருந்தது. புதிய எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனேன். நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு ரத்தக் கழிச்சல், காக்சிடியா ஒட்டுண்ணி என்றார்.

இந்த ஒட்டுண்ணி குடல் சுவரில் புகுந்து பெருகி அதைக் கிழிக்கிறது. அதனால் தின்பதும் உடம்பில் ஒட்டாது, ரத்தமும் போகும். எச்சத்தோடு வெளியே வரும் ஒட்டுண்ணி முட்டை உடனே தொற்றாது. ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். அப்புறம் கூளத்தைக் கிளறும் எந்தக் குஞ்சின் வாய்க்குள்ளும் போகலாம். ஒன்பதும் ஒரே கூளத்தில் வளர்ந்தவை என்பதால் ஒன்பதுக்குமே அம்ப்ரோலியம் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொன்னார். முதல் சில நாள் முழு அளவு, பிறகு குறைத்த அளவு. அந்த நாட்களில் வேறு தண்ணீர் எட்டவே கூடாது. பி1 சேர்ந்த வைட்டமின் மருந்தையும் நிறுத்தச் சொன்னார். அம்ப்ரோலியம் பார்வைக்கு பி1 மாதிரியே இருப்பதால் ஒட்டுண்ணி ஏமாந்து அதை எடுத்துக்கொண்டு பட்டினி கிடக்குமாம். நாமே பி1 கொடுத்தால் மருந்தின் வேலை கெட்டுவிடும். தேற்ற வேண்டும் என்ற ஆசையில் நான் முதல் நாளே வைட்டமின் வாங்கி வைத்திருந்தேன், அதைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

தண்ணீரில் கலக்கும் மருந்தில் ஒரு சிக்கல் உண்டு. அதிகம் நோய் கண்ட குஞ்சுதான் குறைவாகக் குடிக்கும், அதனால் மருந்தும் அதற்குத்தான் குறைவாகப் போகும். சிட்டுக்கு அந்தத் தண்ணீரை நானே சொட்டுக்குழாயில் கொடுத்தேன். வாய்க்குள் பீய்ச்சக் கூடாது. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னால் திறந்தபடி இருக்கிறது, தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் அது தானாக உள்ளே போகும். குஞ்சு தலையைத் தூக்கி விழுங்கும். விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. பத்துச் சொட்டுக்கு ஐந்து நிமிடம் ஆகும், அவசரப்பட்டால் நடக்காது.

இப்போது தனியே வைத்த கதைக்கு வருகிறேன். நான் செய்த பெரிய தவறு அங்கேதான். வீட்டுக்குள் ஒரு அமைதியான அறையில் அட்டைப் பெட்டி வைத்தேன். ஒரு பாதிக்கு மேல் விளக்கு, அந்தப் பக்கம் சுமார் 30 டிகிரி செல்சியஸ். மறு பாதி குளிர்ச்சி, வேண்டிய இடத்தில் போய் நிற்கட்டும் என்று. விளக்கை இரண்டு கம்பியால் இழுத்துக் கட்டினேன், கூளத்தில் விழுந்தால் தீப்பிடித்துவிடும். தீவனம், மருந்துத் தண்ணீர், வெதுவெதுப்பு எல்லாம் இருந்தது. குஞ்சு மட்டும் கத்திக்கொண்டே இருந்தது. பசிக்குக் கத்துவது வேறு. இது கூட்டத்தைத் தொலைத்த குஞ்சு போடும் சத்தம், உரக்க, இடைவிடாமல், தொண்டை கம்மும் வரை. முதல் நாள் 236. இரண்டாம் நாள் 231. மூன்றாம் நாள் 228. தீவனக் கிண்ணம் வைத்தது வைத்தபடி இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தீவனத்தைத் தட்டினால் மட்டும் நான்கைந்து கொத்து. எழுந்து போனால் நிறுத்திவிடும்.

அப்போதுதான் புரிந்தது. கோழி மற்றொரு கோழி தின்பதைப் பார்த்துத் தின்னும் ஜீவன். கொத்து விழாமல் காப்பாற்றுகிறேன் என்று, தின்னத் தூண்டும் ஒரே விஷயத்தையும் எடுத்துவிட்டிருக்கிறேன்.

நான்காம் நாள் காலை பெட்டியைக் கூட்டுக்குள்ளேயே கொண்டுபோனேன். ஒரு மூலையைக் கம்பி வலையால் தடுத்து, அதற்குள் சிட்டு. அந்தப் பக்கத் தீவனத் தொட்டியையும் இந்தப் பக்கக் கிண்ணத்தையும் வலையோடு ஒட்டி எதிரெதிரே வைத்தேன். ஒரு பழுப்பு நிறப் பெட்டை வந்து தொட்டியில் கொத்தியது. சிட்டு கழுத்தை நீட்டி அதன் அலகையே பார்த்தது. அது கொத்தியது, இதுவும் கொத்தியது. அது தலையை நிமிர்த்தியது, இதுவும் நிமிர்த்தியது. வலைக்கு இரு பக்கமும் இரண்டு அலகுகளும் மாறி மாறி விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலம் தீனிப்பையில் முதல் முறையாக ஒரு சின்ன உருண்டை தட்டுப்பட்டது. மறுநாள் எடை 233.

ஒரே இடத்தில் வைத்ததால் தரை விஷயத்தில் கவனமாக இருந்தேன். சிட்டின் பக்கம் கூளம் போடாமல் காகிதம் விரித்துத் தினம் இரண்டு வேளை மாற்றினேன். முட்டை தொற்றும் நிலைக்கு வருவதற்குள் எச்சம் வெளியே போய்விட வேண்டும், கணக்கு அவ்வளவுதான். கூட்டில் ஈரமாக இருந்த கூளம் முழுவதையும் அள்ளிக் கொட்டினேன். தண்ணீர்ச் சட்டியைச் செங்கல் மேல் ஏற்றினேன்.

உணவாகக் குஞ்சுத் தீவனத்தையே கொஞ்சம் வெந்நீரில் பிசைந்து கொடுத்தேன், அத்தோடு வெந்த முட்டை மஞ்சள் கரு ஒரு சிட்டிகை. ஒரு தேக்கரண்டி அளவு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. காய்ந்து கிடந்த வயிற்றில் ஒரே நேரத்தில் திணித்தால் தாங்காது. மிஞ்சியதை உடனே எடுத்துவிடுவேன், பிசைந்தது சீக்கிரம் புளித்துவிடும்.

நீங்கள் தனியே வைத்தபோது எப்படிச் சமாளித்தீர்கள், எப்போது திரும்பச் சேர்த்தீர்கள் என்று எழுதுங்கள். சிட்டு இன்னும் வலைக்குள்தான் இருக்கிறது.

*

அக்கா, எனக்கு நடந்தது சற்று வேறு மாதிரி. ஏழு வாரக் குஞ்சு ஒன்று மெலிந்துகொண்டே போனது. கொண்டை வெளுத்திருந்தது. ரத்தம் இல்லை, கழிச்சல் இல்லை. தனியே ஒரு கூண்டில் வைத்தேன். மருந்து எதுவும் கொடுக்கவில்லை, வழக்கமான தீவனம்தான். நான்கே நாளில் சுறுசுறுப்பாகிவிட்டது. சந்தோஷமாகத் திரும்பச் சேர்த்தேன். ஒரு வாரத்தில் பழையபடி ஒடுங்கி நின்றது.

இரண்டாம் முறை தனியே வைத்தபோதுதான் யோசித்தேன். வெளியே வந்தால் தேறுகிறது, உள்ளே போனால் மெலிகிறது என்றால் நோய் குஞ்சிடம் இல்லை, கூட்டில் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். கோழிகள் அமரும் கட்டையின் பொருத்துகளில் மணல் தூவியது போலச் சிவப்பாக நகர்ந்தன. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் ரத்தக் கோடு. சிவப்பு உண்ணி. பகலில் விரிசலில் ஒளிந்துகொண்டு இரவில் மட்டும் வந்து ரத்தம் குடிக்கும். அதனால் பகலில் குஞ்சை எவ்வளவு தேடினாலும் உடம்பில் ஒன்றும் அகப்படாது.

கூட்டைக் காலி செய்து, கட்டைகளைக் கழற்றி, விரிசல் ஒவ்வொன்றிலும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றினேன். அப்புறம் மருத்துவர் சொன்ன மருந்தை அடித்தோம். வாரம் கழித்து மறுபடியும் அடித்தோம், முட்டையிலிருந்து வருபவையும் சாக வேண்டுமே. கோழி இல்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் பூச்சி அது, காலியாகப் போட்டால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். அந்தக் குஞ்சு இப்போது முட்டையிடும் கோழி.

*

என்னுடையது பிழைக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

பத்து வார விடைக்கோழி. முதலில் லேசாக நொண்டியது. சுளுக்கு என்று தனியே வைத்தேன். இரண்டு நாளில் ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீட்டியபடி படுத்துவிட்டது. பசி இருந்தது, கண்ணில் தெளிவும் இருந்தது. தீவனத்துக்குப் போகத்தான் முடியவில்லை, அதனால்தான் எடை குறைந்தது. துணியைச் சுருட்டி இரு பக்கமும் அண்டக் கொடுத்து நிமிர்த்தி வைத்து, கிண்ணத்தை அலகுக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். பன்னிரண்டு நாள் அப்படிப் பார்த்துக்கொண்டேன். கடைசியில் மூச்சு விடவே சிரமப்பட்டது. மருத்துவர் வலியில்லாமல் முடித்துவைத்தார். பிறகு அறுத்துப் பார்த்தபோது ஒரு காலுக்குப் போகும் நரம்பு மட்டும் மறுகால் நரம்பைவிடத் தடித்துக் கிடந்தது. மாரெக்ஸ் நோய். வைரஸால் வருவது, மருந்து கிடையாது. பொரித்த முதல் நாளிலேயே போடும் தடுப்பூசி ஒன்றுதான் வழி. சிறகிலிருந்து உதிரும் தூசியில் பரவுவதால், தனியே வைத்ததில் மற்றவற்றுக்குப் பெரிய காப்பு ஒன்றும் இல்லை, ஏற்கனவே எல்லாம் அந்தக் காற்றைச் சுவாசித்தவைதான். இப்போது தடுப்பூசி போட்ட குஞ்சாகத்தான் எடுக்கிறேன்.

அந்தப் பன்னிரண்டு நாளும் என் காலடிச் சத்தம் கேட்டதும் தலையை மட்டும் தூக்கிக் குரல் கொடுக்கும். அதை மறக்க முடியவில்லை.

*

வலைக்குப் பக்கத்தில் வைத்தது ரத்தக் கழிச்சலுக்குச் சரி. ஆனால் தும்மல், கண்ணில் நுரை, மூக்கில் நீர், மூச்சில் கரகரப்பு என்றால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சளி நோய் வலையைத் தாண்டிப் போகும். நான் தூரத்தில் தனி அறையில்தான் வைத்தேன். நல்ல கோழிகளைப் பார்த்து முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் நோய்க் குஞ்சிடம் போவேன். அதற்கென்று தனிச் செருப்பு, வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. தனிமைக்கு ஒரு சின்னக் கண்ணாடியைக் கிண்ணத்துக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே தின்றது. இன்னொன்று, ஒரே சமயத்தில் பல கோழிகள் திடீரென்று செத்தால் நாமே வைத்தியம் பார்க்காமல் உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

*

எழுதிய எல்லோருக்கும் நன்றி. உண்ணி விஷயத்தைப் படித்த அன்றிரவே டார்ச்சோடு போய்ப் பார்த்தேன், எங்கள் கட்டையில் இல்லை. விடைக்கோழியை இழந்தவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பன்னிரண்டு நாள் கிண்ணம் பிடித்த கை உங்களுடையது.

சிட்டைச் சேர்த்த விதத்தைச் சொல்கிறேன். எச்சம் சுத்தமாகி, எடை 390 வரும் வரை காத்திருந்தேன். நேராகக் கூட்டத்தில் விடவில்லை. மற்றவற்றில் சாதுவான அந்தப் பழுப்புப் பெட்டையை முதலில் வலைக்குள் சிட்டோடு இரண்டு நாள் விட்டேன். முதல் பகலில் நான்கைந்து கொத்து விழுந்தது, ரத்தம் வரவில்லை, நான் கை வைக்கவில்லை. இரவில் இரண்டும் ஒட்டிப் படுத்தன. மூன்றாம் நாள் வலையை எடுத்துவிட்டு, இரண்டாவது தீவனத் தொட்டியையும் தண்ணீர்ச் சட்டியையும் வேறு மூலையில் வைத்தேன். விரட்டப்பட்டாலும் ஓடிப்போய்த் தின்ன ஒரு இடம் இருந்தது.

இன்று காலை 462 கிராம். மற்றவை 700ஐத் தாண்டிவிட்டன, சிட்டு கடைசியில்தான் நிற்கிறது. இப்போது அடைக்கும் நேரத்தில் ஒன்பதையும் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி, நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன்.