பழைய அனலாக் ரேடியோ ஸ்கேனர் ஒண்ணு கைக்கு வந்திருக்கு, இன்னைக்கு இதுல கேக்க ஏதாவது மிச்சம் இருக்கா?

எடிசன்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். நான் நியூஜெர்சில எடிசன் பக்கம் இருக்கேன். பக்கத்து வீட்டு பெரியவர் வீட்ட வித்துட்டு ஃப்ளோரிடா போறார், பேஸ்மென்ட் காலி பண்றப்ப ஒரு பழைய யூனிடன் பேர்கேட் ஸ்கேனர, அதாவது மத்தவங்க ரேடியோல பேசுறத தேடிப் பிடிச்சு கேக்குற கருவிய, என் பையன் கையில குடுத்துட்டார். கையில பிடிக்கிற சைஸ், மேல ரெண்டு திருகு, ஒண்ணு வால்யூம் ஒண்ணு ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதப்ப வர்ற உஸ் சத்தத்த அடக்குறது), கூட ஒரு குட்டி ரப்பர் ஆன்டெனா. சுத்த அனலாக். பேட்டரி போட்டா ஆன் ஆகுது, நம்பரெல்லாம் கடகடன்னு ஓடுது ஆனா எங்கயும் நிக்க மாட்டேங்குது. அவர் காலத்துல போலீஸ், ஃபயர் எல்லாம் இதுலதான் கேப்பாராம். ஆபீஸ்ல ஒருத்தர், அதெல்லாம் எப்பவோ டிஜிட்டல் ஆயிடுச்சு, இத தூக்கி போட்டுட்டு 600, 700 டாலர்ல புதுசு வாங்குங்கன்னு சொல்றார். பையனுக்கு 12 வயசு, ரெண்டு நாளா அத கீழ வைக்கல. இது உண்மையிலயே குப்பைதானா, இல்ல இன்னும் ஏதாவது கேக்குமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

ஏர்பேண்ட்_ரசிகன்:
அண்ணே, தயவுசெஞ்சு தூக்கி போட்டுடாதீங்க. முதல்ல போலீஸ் விஷயத்த முடிச்சிடுறேன். ஆபீஸ்காரர் சொன்னது பாதி சரி. பெரிய ஊர் போலீஸ் எல்லாம் பி25ங்கிற டிஜிட்டலுக்கு போயாச்சு, உங்க ஸ்கேனர் அதுல போய் நின்னா வெறும் கரகர சத்தம்தான் வரும். ஆனா அதுக்காக 700 டாலர் போட்டா மட்டும் கேக்குமான்னா அதுவும் உறுதி இல்ல, ஏன்னா நிறைய இடத்துல இப்ப என்க்ரிப்ஷனும், அதாவது வெளியாளுக்கு புரியாத மாதிரி பேச்ச பூட்டுறதையும், சேத்து போட்டுட்டாங்க. நியூயார்க் சிட்டி போலீஸ் 2023ல ப்ரூக்ளின்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு ஏரியாவா பூட்டிக்கிட்டே வர்றாங்க. பூட்டினத எந்த கடையில வாங்கின ஸ்கேனரும் திறக்காது, ஆயிரம் டாலர் குடுத்தாலும் திறக்காது. அதனால போலீஸ மறந்துடுங்க.

இப்ப நல்ல சேதி. விமானம். பைலட்டும் கன்ட்ரோலரும் பேசுறது இன்னைக்கும் பழைய ஏஎம்தான், 118ல இருந்து 137 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். இத மாத்தாம வச்சிருக்கிறதுக்கு காரணமும் இருக்கு, எஃப்எம்ல ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா பலமான சிக்னல் மத்தத முழுங்கிடும், இன்னொருத்தர் பேசினதே தெரியாது. ஏஎம்ல ரெண்டும் மோதி ஒரு கீச்சு சத்தம் வரும், அத கேட்டதும் கன்ட்ரோலர் திரும்ப சொல்லுங்கன்னு கேட்டுடுவார். ஐரோப்பால சேனல் இடைவெளிய 8.33 கிலோஹெர்ட்ஸா குறுக்கிட்டதால அங்க பழைய ஸ்கேனர் தடுமாறும், இங்க அமெரிக்கால இன்னும் 25தான், உங்களுக்கு அந்த தொல்லையும் இல்ல.

ஒண்ணு மட்டும் செக் பண்ணுங்க, சில பழைய மாடல்ல ஏர்பேண்டே, அதாவது இந்த விமான ரேடியோ வரிசையே, இருக்காது. 118.3 அடிச்சு பாருங்க, அது நியூவார்க் டவர். எரர் காட்டாம எடுத்துக்கிட்டா உங்க பையன் அதிர்ஷ்டசாலி. எடிசன்ல இருந்து டவர் ஆள் பேசுறது சரியா கேக்காது, ஆனா விமானம் மேல இருக்கிறதால பைலட் பேசுறது பக்கத்துல நின்னு பேசுற மாதிரி வரும். 35,000 அடியில பறக்கிறவர் குரல் 200 மைலுக்கு அந்தப்பக்கம் இருந்தும் வரும். அந்த ரப்பர் ஆன்டெனாவ கழட்டிட்டு இழுத்து நீட்டுற டெலஸ்கோப்பிக் ஒண்ணு வாங்கி போடுங்க, ஏர்பேண்டுக்கு 60 சென்டிமீட்டர் நீட்டணும், நேரா நிக்கணும், படுக்க வைக்கக் கூடாது. ஜன்னல் ஓரமா வச்சா போதும். நான் கேட்ட வரைக்கும் ஸ்கேனருக்கு செய்ற செலவுலயே உருப்படியான செலவு இதுதான்.

தண்டவாளம்:
எடிசன்ல இருந்துக்கிட்டு ரயில விட்டுட்டா எப்படி சார்? வீட்டுக்கு பக்கத்துலயே நார்த்ஈஸ்ட் காரிடார் ரயில் பாதை ஓடுது, ஆம்ட்ராக் ரயில் கம்பெனி அதுல 160.920 மெகாஹெர்ட்ஸ்ல பேசுறாங்க. இந்த ஊர்ல ரயில்வே சேனல் எல்லாம் 160.215ல இருந்து 161.565க்குள்ள, பெரும்பாலும் இன்னும் அனலாக் எஃப்எம்தான். அந்த முழு வரிசையையும் மெமரில ஏத்தி ஸ்கேன்ல விட்டுட்டா போதும். டெலஸ்கோப்பிக் வாங்கினா இதுக்கு 47 சென்டிமீட்டருக்கு குறைச்சுக்கோங்க.

ரயில்ல எனக்கு ரொம்ப பிடிச்சது மனுஷங்க பேசுறது இல்ல, தண்டவாளமே பேசும் பாருங்க அதுதான். சரக்கு ரயில் லைன்ல சில மைலுக்கு ஒரு டிடெக்டர் பெட்டி இருக்கும், வண்டி கடக்கிறப்ப ஒவ்வொரு பேரிங் சூட்டையும் அளந்துட்டு கடைசி பெட்டி போனதும் அதுவே ரேடியோல ஒரு மெஷின் குரல்ல மைல்போஸ்ட் நம்பர் சொல்லி, கோளாறு இல்ல, மொத்தம் இத்தன அச்சுன்னு அறிவிக்கும். பையன் எண்ணிக்கைய நோட்ல எழுதி வச்சு நாலால வகுத்தா எத்தன பெட்டின்னு தோராயமா வந்துடும், எஞ்சினுக்கு மட்டும் ஆறு அச்சு இருக்கும்.

இது விளையாட்டு விஷயம் இல்லன்னும் அவனுக்கு சொல்லுங்க. 2023 பிப்ரவரி 3 ராத்திரி ஒஹாயோ ஈஸ்ட் பாலஸ்டைன்ல கெமிக்கல் ரயில் தடம் புரண்டுச்சே, அதுல ஒரே பேரிங்தான் காரணம். முதல் டிடெக்டர்ல வெளி சூட்ட விட 38 டிகிரி ஃபாரன்ஹீட் அதிகம், அடுத்ததுல 103, மூணாவதுல 253. 253 வந்தப்பதான் டிடெக்டர் கத்துச்சு, டிரைவர் பிரேக் போட்டுட்டு இருக்கிறப்பவே வண்டி கவுந்துடுச்சு.

இன்னொண்ணு, சத்தம் கம்மியா இருக்குன்னு ஸ்கேனர சந்தேகப்படாதீங்க. 2013 ஜனவரில 150ல இருந்து 512 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் பல சர்வீஸ 25 கிலோஹெர்ட்ஸ்ல இருந்து 12.5க்கு குறுக்க சொல்லி கெடு வச்சாங்க, பழைய செட்ல அந்த குறுகின சிக்னல் மெதுவாதான் கேக்கும். வால்யூம ஏத்தினா ஆச்சு.

மழைக்கால_மீனா:
மேல ரெண்டு பேரும் பொழுதுபோக்கா சொல்லியிருக்காங்க, நான் அவசியத்த சொல்றேன். 162.400ல இருந்து 162.550 வரைக்கும் ஏழு ஃப்ரீக்வென்ஸில அரசாங்க வானிலை ரேடியோ 24 மணி நேரமும் ஓடுது, அதுவும் அனலாக். 2012ல சாண்டி புயல் அடிச்சப்ப பாதிச்ச ஏரியால நாலுல ஒரு செல் டவர் வேலை செய்யல. எங்க வீட்லயும் கரண்ட் இல்ல, இன்டர்நெட் இல்ல, ஃபோன்ல சிக்னல் வந்து வந்து போச்சு, பேட்டரி ரேடியோ ஒண்ணுதான் நிலவரம் சொல்லிட்டே இருந்துச்சு. அதனால ஏழையும் மெமரில போட்டு எது தெளிவா வருதுன்னு பாத்து வச்சுக்கோங்க. ஸ்கேனர் எதுலயும் நிக்கலன்னு சொன்னீங்கல்ல, முதல் டெஸ்டே இதுல பண்ணுங்க, எப்பவும் யாராவது பேசிட்டே இருக்கிற சேனல் இதுதான். ஸ்குவெல்ச்ச முழுசா திறங்க, உஸ்ஸுன்னு வரும், அப்புறம் அந்த சத்தம் அடங்குற இடம் வரைக்கும் மட்டும் மெல்ல திருகுங்க. பெரியவர் அத ரொம்ப இறுக்கி வச்சிருந்தா எந்த சிக்னல்லயும் நிக்காதுதான்.

பேட்டரி பெட்டியில பச்சையா பூத்திருந்தா பேட்டரிய எடுத்துட்டு, பஞ்சுல வினிகர் தொட்டு துடைச்சு நல்லா காயவிட்டு போடுங்க.

எடிசன்வாசி:
மீனா மேடம், ஸ்குவெல்ச்தான்! முழுசா இறுக்கி வச்சிருந்தாரு. திறந்ததும் 162.550ல காத்து வேகம், அலை உயரம்னு தெளிவா வருது. 118.3யும் எடுத்துக்குச்சு, இப்ப பையன் ஜன்னல விட்டு எந்திரிக்கல. ரெண்டு கேள்வி. கார்ல வச்சுட்டு நியூயார்க் பக்கம் போலாமா? அடுத்த வருஷம் ஊருக்கு வர்றப்ப மதுரைக்கு எடுத்துட்டு வரலாமா? என் தம்பி பையனும் கேக்கிறான்.

மதுரை_ஹாம்:
ரெண்டுக்குமே வேண்டாம்னுதான் சொல்வேன் தம்பி. நியூயார்க் ஸ்டேட்ல போலீஸ் ஃப்ரீக்வென்ஸி எடுக்கிற ரிசீவர அனுமதி இல்லாம வண்டில பொருத்துறது வாகனச் சட்டப்படி குற்றம், ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசென்ஸ் உள்ளவங்களுக்கு மட்டும் விலக்கு. அதுல போலீஸ் கேக்காதுன்னு ரோட்ல நின்னு விளக்கிட்டு இருக்க முடியாது. இங்க இந்தியாலயோ 1933 வயர்லெஸ் சட்ட காலத்துல இருந்தே லைசென்ஸ் இல்லாம வயர்லெஸ் கருவி வச்சிருக்கிறது சிக்கல், ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்லயே பிடிச்சுக்குவாங்க, தம்பி பையன் கையில குடுத்து அவன மாட்டி விட்டுடாதீங்க. அவனுக்கு ஆர்வம் இருந்தா 12 வயசு முடிஞ்சதும் ஹாம் பரீட்சை எழுதட்டும், பாஸ் பண்ணி லைசென்ஸ் வந்துட்டா விண்வெளி நிலையத்துல இருந்து 145.800ல வர்றத இங்க இருந்தே கேக்கலாம். உங்க பையனும் அங்க அதே நம்பர ஏத்தி வைக்கட்டும், அந்த பேர்கேட்லயே வரும்.