பாகமா, மீட்டரா? நங்கூரக் கயிறும் ஒரு சண்டையும்

ஜூரோங் தூண்டில்:
சிங்கப்பூர் தெற்குத் தீவுகள் பக்கம் வாடகைப் படகில் மீன் பிடிக்கப் போயிருந்தோம். படகுக்காரப் பெரியவருக்குப் பூர்வீகம் ராமேஸ்வரம் பக்கம். ஆழம் காட்டுற சவுண்டர் கருவித் திரையில 18 மீட்டர்னு ஓடிக்கிட்டிருக்கு. அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஈயக்குண்டு கட்டின கயிறை இறக்கி, ரெண்டு கையையும் விரிச்சு விரிச்சு எண்ணி "பத்து பாகம்"னார். பிறகு நங்கூரக் கயிறையும் அதே மாதிரி எண்ணி விட்டார். இந்தக் காலத்துக்கு இது தேவையா?

மெட்ரிக் முத்து:
தேவையே இல்லை. இங்கிலீஷ்காரன் ஃபாதம்னு சொல்றதும் நம்ம பாகமும் ஒண்ணுதான்: 6 அடி, அதாவது 1.8288 மீட்டர். நான் கையை விரிச்சா அஞ்சரை அடிதான் வருது. பத்து பாகத்துல அஞ்சு அடி போச்சு! பிரிட்டிஷ் கடல் வரைபடங்களே 1960களின் கடைசியில மீட்டருக்கு மாற ஆரம்பிச்சாச்சு. நம்ம சிங்கப்பூர் நீரிணையில போற பெரிய எண்ணெய் டாங்கர் கப்பலுக்கு, அடிப்பகுதிக்குக் கீழே எப்பவும் 3.5 மீட்டர் தண்ணி இருக்கணும்னு விதி. அங்கே போய் யாராவது கை விரிப்பாங்களா?

கடலோடி மகன்:
டாங்கரை ஏன் இழுக்கிறீங்க முத்து? பேச்சு சின்னப் படகைப் பத்தி. ஆழத்தைப் போல மூணு மடங்கு கயிறு விடணும்னு வைங்க. ஆழத்தை அளந்ததும் அவர் கை, கயிறை அளந்ததும் அவர் கை. கை குட்டையா இருந்தா ரெண்டுலயும்தான் குட்டை. மூணு மடங்கு மூணு மடங்காவே நிக்கும்.

அந்தக் காலப் பாய்மரக் கப்பல்ல ஈயக்குண்டுக் கயிறுக்கு 2, 3 பாகத்துல தோல், 5-ல வெள்ளைத் துணி, 7-ல சிவப்பு, 10-ல ஓட்டை போட்ட தோல்னு கட்டியிருப்பாங்க. கும்மிருட்டுல தடவியே கண்டுபிடிக்கணும், அதுக்குத்தான் இத்தனை வகை. குண்டோட அடிக்குழியில கொழுப்பு அப்பியிருக்கும். தரையில இருக்கிற மணலோ சேறோ அதுல ஒட்டிக்கிட்டு மேல வரும். உங்க திரை மண்ணைக் கையில தருமா?

இன்னொண்ணு. மலேசியாவுல கிள்ளானுக்கு எதிரே கடலடியில இருக்கிற மேட்டுக்கு இங்கிலீஷ்ல ஒன் ஃபாதம் பேங்க், மலாய்ல பெர்மாத்தாங் செடெப்பா. டெப்பான்னாலும் விரிச்ச கைதான்.

மெட்ரிக் முத்து:
மண் வேணாம் அண்ணே, நல்ல சவுண்டர் தரை கெட்டியா இளக்கமான்னு காட்டிடும். என் பயமே வேற. வரைபடத்துல 3-க்குப் பக்கத்துல கீழே சின்னதா 4 போட்டிருந்தா, பழைய பாக வரைபடத்துல அது 3 பாகம் 4 அடி, கிட்டத்தட்ட 6.7 மீட்டர். மீட்டர் வரைபடத்துல அதே எழுத்துக்கு 3.4 மீட்டர்தான். பார்வைக்கு ரெண்டும் ஒண்ணு. மீட்டரைப் பாகம்னு வாசிச்சவன் தண்ணி இருக்குன்னு நம்பிப் போய்த் தரை தட்டுவான். ஒரு கடல்ல ரெண்டு கணக்கு கூடாது.

நைட் ஷிஃப்ட்:
கப்பல்ல வேலை பார்க்கிறவன் சொல்றேன். ஆழத்தை மீட்டர்லதான் சொல்றோம். ஆனா நங்கூரச் சங்கிலியை விடும்போது "அஞ்சு ஷேக்கிள்"னுதான் கத்துவோம். ஒரு ஷேக்கிள் 15 ஃபாதம், 27 மீட்டர் சொச்சம். முத்து, பாகம் செத்துப்போகலை, சங்கிலிக்குள்ள ஒளிஞ்சிருக்கு.

மெட்ரிக் முத்து:
ஷேக்கிள்னு எண்ணினா எண்ணிக்கோங்க, அது இரும்பு, நீளம் மாறாது. கை மாறும். அதான் என் வாதம்.

ஜூரோங் தூண்டில்:
மதியம் எங்க நங்கூரம் இழுபட்டுச்சு, அதைச் சொல்ல மறந்துட்டேன். காத்தும் பெருசா இல்லை.

நைட் ஷிஃப்ட்:
காலையில கடல் தண்ணி வத்தியிருக்கும்போது அளந்திருப்பார். நம்ம பக்கம் பெரிய ஏத்தத்துல தண்ணி மூணு மீட்டர் வரை ஏறும். ஆழம் கூடினா விட்ட கயிறு பத்தாது. ஏத்தம் பார்த்துக் கூடுதலா விடச் சொல்லுங்க.

மெட்ரிக் முத்து:
மூணு மீட்டர்! எல்லாரும் கவனிங்க, மீட்டர்!

கடலோடி மகன்:
ஒன்றரைப் பாகத்துக்குக் கொஞ்சம் மேலன்னு பெரியவர்கிட்ட சொல்லுங்க தம்பி, அவருக்குப் புரியும்.