டொக்டர் மேரி ரட்ணம்: 5 நிமிடப் பேச்சு, பிழை பார்த்துச் சொல்லுங்கள்

வெள்ளவத்தை ரீச்சர் கேட்டது:

மார்ச் 8 மேடைக்குப் பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று டொக்டர் மேரி ரட்ணம் பற்றிப் பேசுகிறாள். வரைவு இப்படிப் போகிறது: “இலங்கையின் முதல் பெண் வைத்தியர். 1928இல் பெண்களுக்கு வாக்குரிமை வாங்கித் தந்தவர். கொழும்பு மாநகர சபையில் பல வருடம் இருந்தவர்.” இதில் எது நிற்கும், எது நிற்காது? நடுவர்கள் வரலாறு படித்தவர்கள். ஆண்டு பிழைத்தால் புள்ளி போகும்.

ஏட்டுக்கட்டு சொன்னது:

மூன்றுமே நிற்காது ரீச்சர்.

இலங்கை மருத்துவக் கல்லூரி 1892இலேயே பெண்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டது. மேரி ஐர்வின் (கலியாணத்துக்கு முந்திய பெயர்) கனடாக்காரி. 1873இல் ஒன்ராறியோவில் பிறந்தவர், ரொறன்ரோவில் மருத்துவம் படித்துவிட்டு 1896இல் இங்கே வந்தார். ‘முதல் பெண் வைத்தியர்’ என்பதைத் தூக்கிவிடுங்கள். அதைவிடப் பெரிய கதை பக்கத்திலேயே கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனுக்கு வேலை செய்ய வரவேண்டியவர், சாமுவேல் கனக ரட்ணம் என்ற தமிழரைக் கலியாணம் முடித்தார். வெள்ளைக்காரப் பெண் உள்ளூர்க்காரனைக் கட்டுவதா என்று மிஷன் கதவைச் சாத்தியது. அப்படித்தான் அவர் கொழும்புக்கு உரியவர் ஆனார். லேடி ஹவ்லொக் பெண்கள் வைத்தியசாலையில் கொஞ்சக் காலம், பிறகு சொந்தமாக வைத்தியம். ஆண் வைத்தியரிடம் போகக் கூசிய பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிள்ளை ஒரு வரியில் சொன்னால் போதும்.

மாநகர சபை: 1937இல் வென்றார். ‘முதல்’ என்ற சொல் உண்மையில் இங்கேதான் பொருந்தும், கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண். ஆனால் சட்ட நுணுக்கம் ஒன்றால் ஆசனம் பறிபோனது. ‘பல வருடம்’ என்று சொன்னால் நடுவர் பிடிப்பார்.

சங்கப்பலகை சொன்னது:

வாக்குரிமைப் பகுதியில்தான் எல்லோரும் சறுக்குவார்கள், ஏனென்றால் இரண்டு ஆண்டுகளும் இரண்டு வயதுகளும் கலந்துவிடுகின்றன. இலங்கையின் அரசியலமைப்பை ஆராய பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு 1927 கடைசியில் வந்தது. அந்த டிசம்பரிலேயே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. மேரி ரட்ணம் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர், செயலாளர் அக்னஸ் டி சில்வா. 1928 அறிக்கை பெண்களுக்கு 30 வயது என்றுதான் சிபாரிசு செய்தது. 1931இல் சட்டமாக வரும்போதுதான் ஆண், பெண் இருவருக்கும் 21 ஆனது. ஆகவே ‘1928இல் வாங்கித் தந்தார்’ என்பது இரட்டைப் பிழை: ஆண்டும் பிழை, ஒருவர் தனியே வாங்கித் தந்ததும் இல்லை.

பேச்சில் கைதட்டல் வாங்கும் இடம் ஆணைக்குழு முன் நடந்த சாட்சியம். தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்டபோது, ஆம், அவர்களும் பெண்கள்தானே என்று அக்னஸ் பதில் சொன்னார். (பிள்ளை அதை மேரியின் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) அதே காலத்தில் சர்வசன வாக்குரிமையே கூடாது என்று எதிர்த்தவர்களில் நம்முடைய தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். சங்கடம்தான், மறைக்கத் தேவையில்லை.

இன்னொன்று: 1931 தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்ததால் வடக்கின் நான்கு தொகுதிகளில் வாக்களிப்பே நடக்கவில்லை. அந்தத் தொகுதிப் பெண்கள் 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘இலங்கைப் பெண்கள் அனைவரும் 1931இல் வாக்களித்தனர்’ என்று எழுதிவிடாதீர்கள்.

கடைசிவாங்கு சொன்னது:

நிமிடத்துக்கு 100 சொல் என்று வைத்தால் 5 நிமிடத்துக்கு 500 சொல். மேடைப் பதற்றத்தில் பிள்ளைகள் வேகமாகப் போவார்கள், ஆனாலும் 450ஐத் தாண்டாதீர்கள், மணி அடித்தால் முடிவுப் பகுதிதான் வெட்டுப்படும். மிஷன் கதைக்கு ஒரு நிமிடம், வாக்குரிமைக்கு ஒன்றரை, மாநகர சபைக்கு அரை.

மிச்சத்தை மகிளா சமித்திக்குக் கொடுங்கள். கனடாவின் கிராமத்து மாதர் நிறுவனங்களைப் பார்த்து 1930இல் தொடங்கிய இலங்கை மகிளா சமித்திதான் அவர் நாட்டுக்கு விட்டுப்போன பெரிய வேலை: சுத்தம், போசாக்கு, பிள்ளை வளர்ப்பு என்று கிராமத்துப் பெண்களே கூடிச் செய்தது. 1909இல் கொழும்பில் தொடங்கிய தமிழ் மாதர் சங்கத்திலும் அவர் பங்கு உண்டு, தமிழ் மேடையில் அதை விடக்கூடாது. 1958இல் மகசேசே விருது, அப்போது வயது 85. மறைவு 1962.

தகவல் தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டில் ரட்ணத்தின் ‘ர’வுக்கு ‘ஏ’ போடாமல் ‘யூ’ போடுங்கள் (Rutnam). பாதிப் பேர் அங்கேதான் வெறுங்கையுடன் திரும்புகிறார்கள்.

வெள்ளவத்தை ரீச்சர்:

நன்றி. ‘முதல்’ ஒன்றை மட்டும் 1937க்கு மாற்றிவிட்டேன். அக்னஸின் பதிலை அவள் மனனம் செய்கிறாள்.