பழைய ரவுட்டர மாடில ஆக்சஸ் பாயின்ட்டா (அதே நெட்வொர்க்க வைஃபையா பரப்புற பெட்டியா) போடலாமா?

மாடிவீடு:
வணக்கம். ஃபைபர் ரவுட்டர் கீழ ஹால்ல இருக்கு, மாடி ரூமுக்குப் போனா ஒரு கோடுதான் சிக்னல் காட்டுது, பொண்ணு ஆன்லைன் கிளாஸுக்கு படிக்கட்டுல வந்து உக்காந்துக்குறா, பாக்கவே கஷ்டமா இருக்கு. பரண்ல கெடந்த பழைய ரவுட்டர எடுத்து, கேபிள் இழுத்து வான் போர்ட்ல (வெளிய இருந்து நெட் வர்ற ஓட்டைல) சொருகுனேன். நெட் வருது, ஆனா கீழ இருக்குற பிரின்டர் மாடி போன்ல தெரியல.

கேபிள்தம்பி:
அண்ணே, வான் போர்ட்ல சொருகுனதுதான் பிரச்சன, அது மாடிய தனி நெட்வொர்க்கா பிரிச்சிடும். பழச ரீசெட் பண்ணிட்டு லேப்டாப்ப அதுல மட்டும் சொருகுங்க. மொதல்ல ஐபிய, அதாவது நெட்வொர்க்ல அதோட முகவரி நம்பர மாத்தணும், மெயின் 192.168.1.1னா இதுக்கு 192.168.1.2 குடுங்க, மெயினோட டிஎச்சிபி (போன், லேப்டாப்புக்கெல்லாம் தானா ஐபி குடுக்குற வசதி) ரேஞ்சுக்குள்ள அந்த நம்பர் வரக்கூடாது. அப்புறம் இதுல டிஎச்சிபிய ஆஃப் பண்ணிடுங்க. கேபிள் ரெண்டு பக்கமும் லான் போர்ட்லதான் (வீட்டு கம்ப்யூட்டர் சொருகுற ஓட்ட).

பழையசர்வர்:
தம்பி சொன்னது சரி. வைஃபை பேரு, பாஸ்வேர்டு ரெண்டுலயும் ஒன்னா வைங்க, சேனல் மட்டும் வேற, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல கீழ 1னா மேல 6 இல்ல 11. பழசோட போர்ட் 100 எம்பிபிஎஸ்னா அதுக்கு மேல ஸ்பீடு வராது, கிளாஸுக்கு அது தாராளம்.

மாடிவீடு:
பண்ணிட்டேன்! ஐபி மாத்துனதும் செட்டிங்ஸ் பேஜ் நின்னுடுச்சு, பயந்துட்டேன், 192.168.1.2 அடிச்சதும் வந்துடுச்சு. பிரின்டரும் தெரியுது. பாப்பா இப்ப ரூம்லயே கதவ சாத்திக்கிட்டு படிக்கிறா. ரொம்ப நன்றி தம்பி.