பொருள்: ‘சிந்தனைப் பெருக்கி’க்குப் பதிலாகப் ‘படிக்குறிப்பேடு’

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள காரைதீவிலிருந்து எழுதுகிறேன். உயர்தர வகுப்பு மாணவர்களுக்காக ஒரு நிறுவல் வழிகாட்டியைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். செயற்கை நுண்ணறிவு உதவியாளரோடு இணைத்தால், எடுத்த எடுப்பில் விடை சொல்லாமல் படிப்படியாக யோசித்துச் சொல்ல வைக்கும் சிறு கருவி பற்றியது. ஆங்கிலத்தில் ‘சீக்குவென்ஷல் திங்கிங்’ என்கிறார்கள். வழிகாட்டி முடிந்துவிட்டது, கருவியின் தமிழ்ப் பெயரில்தான் மூன்று வாரமாக நிற்கிறேன். நீங்கள் சொன்ன பெயர்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> ‘சிந்தனைப் பெருக்கி’ கவர்ச்சியாக இருக்கிறது. ஒலிபெருக்கி போல மாணவர் மனத்தில் உடனே பதியும்.

சென்னை ஐயா சொன்னதை ஏற்று முதல் வரைவில் அதையே போட்டேன். பதிந்தது உண்மை, ஆனால் தவறாகப் பதிந்துவிட்டது. ஒரு மாணவன் தன் அப்பப்பாவின் பழைய நெற்கணக்கைக் கொடுத்து, அவணம் என்ற பழைய நெல்லளவில் இருந்ததைப் புசலாக மாற்றச் சொன்னான். பாக்கை எண்ணும் கணக்குக்கும் அவணம் என்றே பெயர். உதவியாளர் முதற்படியிலேயே அதைப் பாக்கு எண்ணும் அவணமாக எடுத்துக்கொண்டது. மீதி நான்கு படிகளும் வாய்ப்பாடு போலச் சுத்தம். விடை முழுப் பிழை. ‘பெருக்கி போட்டிருக்கிறோமே, சேர், எப்படிப் பிழைக்கும்?’ என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனை ஏமாற்றியது நான் வைத்த பெயர்.

கருவி உண்மையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். அது யோசிப்பதே இல்லை. உதவியாளர் ஒவ்வொரு முறையும் அதனிடம் நான்கு செய்திகளைக் கொடுக்கிறது: இப்போதைய எண்ணம், அது எத்தனையாவது, மொத்தம் எத்தனை தேவைப்படலாம், இன்னும் தொடர வேண்டுமா. முன்பு எழுதியதைத் திருத்துவதானால் எந்த எண்ணத்தை என்றும், வேறு வழியில் பிரிவதானால் எங்கிருந்து என்றும் சேர்த்துச் சொல்லலாம். கருவி அதைப் பதிந்துகொண்டு, எத்தனை பதிவாயிற்று, எந்தக் கிளைகள் உள்ளன என்ற கணக்கை மட்டும் திருப்பித் தருகிறது. ஐந்து படி என்று சொல்லிவிட்டு ஆறாவதை எழுதினால், மொத்தத்தை ஆறாக்கிக்கொள்கிறது. சரி, பிழை என்று ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆனாலும் பயன் உண்டு: எழுதி வைத்த படியைத் திரும்பிப் பார்க்க முடிகிறது, திருத்த முடிகிறது. கணக்கை மனதுக்குள் போடும் பிள்ளையிடம் தாளைக் கொடுப்பது போன்றது.

> ‘சிந்தனைச் சாரம்’ எப்படி? கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போல.

கோவைத் தம்பி, உவமை மிகப் பொருத்தமானது. ஆனால் எங்கள் பக்கத்தில் சாரம் என்பது ஆண்கள் இடுப்பில் உடுத்துவது. இங்கே வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னால் கட்டடம் யாருக்கும் நினைவுக்கு வராது. படித்தவர்களுக்கோ ‘சிந்தனையின் பிழிவு’ என்று படும். கடலுக்கு இரு கரையிலும் ஓடும் சொல்லாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் எங்கள் ஊரில் பிறந்த விபுலானந்த அடிகள். விஞ்ஞானம் கற்பித்த தமிழறிஞர் அவர். அதற்குப் பிறகும் அட்சரகணிதம் இங்கே, இயற்கணிதம் அங்கே என்று பிரிந்து நிற்கிறோம். புதிய துறையிலாவது தொடக்கத்திலேயே சேர்ந்து நடக்கலாம்.

‘சிந்தனை வரம்பு’ என்று களுவாஞ்சிக்குடி அக்கா எழுதியிருந்தார். வயற்காரன் பிள்ளையாகிய எனக்கு அது மிகவும் பிடித்தது. வரம்பு கட்டினால்தான் தண்ணீர் ஒரு துண்டில் நின்று அடுத்த துண்டுக்குப் போகும், எண்ணமும் அப்படித்தான். இரண்டு நாள் அதையே வைத்திருந்தேன். ஆனால் வயலுக்கு வெளியே வரம்பு என்றால் எல்லை. ‘இதற்குமேல் சிந்திக்காது’ என்று எதிர்ப்பொருள் தந்துவிடும். பகுத்தறிவு, தர்க்கம் இரண்டையும் நான் தொடவே இல்லை. முன்னதற்குத் தமிழ்நாட்டில் ஓர் இயக்கத்தின் வரலாறு இருக்கிறது. பின்னது பேச்சில் வாக்குவாதம்.

ஆகவே என் முன்மொழிவு: படிக்குறிப்பேடு. நாட்குறிப்பேடு என்பதன் அச்சிலேயே வார்த்தது. நாளுக்கு ஒரு குறிப்பு எழுதுவது அது. படிக்கு ஒரு குறிப்பு எழுதுவது இது. ஒரு பதிவு படிக்குறிப்பு. முன்னதை மாற்றுவது திருத்தக்குறிப்பு. பிரிந்து போவது கிளைக்குறிப்பு. வேர் ஒன்றிலிருந்து இத்தனையும் கிடைப்பதால்தான் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ‘படியேடு’ என்று சுருக்க நினைத்தேன். நகலேடு என்று பொருள்படும் என்பதால் விட்டேன்.

—

களுவாஞ்சிக்குடி அக்கா எழுதியது:

> வரம்பை விட்டதில் வருத்தமில்லை, தம்பி. ஆனால் இது செருகுநிரல் (பிளகின்) என்று எங்கே தெரிகிறது? அதையும் பெயரில் சேர்க்க வேண்டாமா?

—

அக்கா, நல்ல கேள்வி. ஆனால் இங்கே செருகுநிரல் என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. 2024 நவம்பரில் ஆந்திரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்.சி.பி. என்ற இணைப்பு நெறிமுறையில்தான் இது இயங்குகிறது. உதவியாளருக்குள் செருகப்படுவதில்லை, பக்கத்தில் தனி நிரலாக ஓடி, கேட்டால் பதில் தருகிறது. நிறுவும்போதே இது தெரியும்: முதலில் இந்த நிரலை ஓட்டும் நோட் ஜே.எஸ். என்ற மென்பொருள் கணினியில் இருக்க வேண்டும், பிறகு உதவியாளரின் அமைப்புக் கோப்பில், எந்தக் கட்டளையால் இந்த நிரலைத் தொடங்குவது என்று எழுதுகிறோம், உதவியாளரை முழுவதும் மூடித் திறக்கிறோம். (அந்தக் கோப்பில் ஒரு காற்புள்ளி தவறினாலும் இணையாது. வகுப்பில் பாதி நேரம் அதற்கே போனது.) அதனால் துணைநிரல் என்பதே பொருத்தம். முதல் முறை ‘படிக்குறிப்பேட்டுத் துணைநிரல்’ என்று எழுதிவிட்டு, பின்பு படிக்குறிப்பேடு என்று மட்டும் சொல்லலாம்.

நேற்று விளக்கம் எதுவும் சொல்லாமல் இந்தப் பெயரை மட்டும் கரும்பலகையில் எழுதி, இது என்ன செய்யும் என்று வகுப்பில் கேட்டேன். முன்வரிசை மாணவி ஒருத்தி உடனே திருப்பிக் கேட்டாள்: ‘அதில் யார் எழுதுவது, சேர்?’ பெருக்கி என்று சொன்ன நாட்களில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. வழிகாட்டியின் முதல் வரியை இப்போது அவளுக்கான பதிலாக மாற்றியிருக்கிறேன்: ‘எழுதுவது உதவியாளர், சரிபார்ப்பது நீங்கள்.’ மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.