செயின்ட் லூயிஸில் 1886இன் தடங்களைத் தேடிப் போனேன்

இந்த ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்து பேஸ்பால் அணிகளான எங்கள் ஊர் கார்டினல்ஸுக்கும் சிகாகோ கப்ஸுக்கும் உள்ள பகையைக் கேட்காத வாரமில்லை. அதன் வேர் 1885, 1886 சாம்பியன் தொடர்களில் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னவர் எங்கள் அலுவலகப் பெரியவர் ஒருவர்.

அப்போது கார்டினல்ஸுக்கு பிரவுன்ஸ் என்று பெயர். கப்ஸுக்கு ஒயிட் ஸ்டாக்கிங்ஸ். சிகாகோ ஆடிய நேஷனல் லீகில் டிக்கெட் 50 சென்ட். பீருக்கும் ஞாயிறு ஆட்டத்துக்கும் தடை. வேறு லீகில் ஆடிய பிரவுன்ஸின் முதலாளி கிறிஸ் வான் டெர் ஆஹே, ஜெர்மனியிலிருந்து வந்து மளிகையும் மதுக்கடையும் நடத்தியவர். அவரிடம் 25 சென்ட் போதும். ஞாயிற்றுக்கிழமையும் ஆட்டம் உண்டு, பீரும் உண்டு. வாரம் ஆறு நாள் உழைக்கிறவன் வேறு எப்போது ஆட்டம் பார்ப்பான்? இதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

1885 தொடர் தகராறில் முடிந்தது. நடுவர் தீர்ப்பை ஏற்காமல் பிரவுன்ஸ் கேப்டன் காமிஸ்கி ஆட்களை அழைத்துக்கொண்டு வெளியேறிய ஆட்டம் யார் கணக்கில் என்று கடைசிவரை ஒத்துப்போகவில்லை. மறு வருடம் ஜெயிக்கிற அணிக்கே வசூல் முழுவதும் என்று பந்தயம் கட்டினார்கள்.

அக்டோபர் 23, ஆறாவது ஆட்டம். ஏழு இன்னிங்ஸ் முடிவில் சிகாகோ 3-0. எட்டாவதில் பிரவுன்ஸ் மூன்று ரன் எடுத்துச் சமன் செய்தார்கள். பிரவுன்ஸின் லேதம் அடித்த அடியில், ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய பேஸ்களில் மூன்றாவது வரை போனார். பத்தாவதில் மூன்றாவது பேஸில் கர்ட் வெல்ச். சிகாகோவின் கிளார்க்சன் வீசிய பந்து, அடிப்பவருக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்சர் கெல்லிக்குச் சிக்காமல் பின்னால் ஓட, வெல்ச் அடிக்கும் இடமான ஹோமுக்கு ஓடி வந்து ரன் எடுத்தார். 4-3. தொடரும் 4-2 என்று பிரவுன்ஸுக்கு. தரையில் சறுக்கி வந்து ஹோமைத் தொட்டதாகச் சொல்லி, பந்தயம் கட்டிய வசூலையும் சேர்த்து '15,000 டாலர் சறுக்கல்' என்று அதற்குப் பெயர். வெல்ச் சறுக்கவே இல்லை, நின்றபடியே வந்தார் என்பாரும் உண்டு. எங்கள் பெரியவர் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார்!

கிரான்ட் அவென்யூவும் டோடியர் தெருவும் சந்திக்கும் முனைக்குப் போனேன். பிரவுன்ஸ் மைதானம் இருந்த இடத்தில் இப்போது சிறுவர்களுக்கான மன்றம். பிறகு பெல்ஃபௌன்டன் கல்லறைத் தோட்டம். அங்கே வான் டெர் ஆஹே ஆளுயரச் சிலையாக, பெரிய மீசையோடு நிற்கிறார். மைதானத்துக்கு வெளியே நின்ற அதே சிலை. அணியையும் பணத்தையும் இழந்து 1913இல் இறந்தார். கடைசிக் காலத்தில் அவருக்குப் பணம் கொடுத்து உதவியவர் காமிஸ்கி.

சிகாகோ அணியின் முதலாளி ஸ்பால்டிங்கோ தோற்ற சில மாதங்களிலேயே கெல்லியை பாஸ்டனுக்கு 10,000 டாலருக்கு விற்றுவிட்டார். சிகாகோ கேப்டன் ஆன்சன் அடக்கமான ஓக் உட்ஸ் கல்லறைத் தோட்டத்துக்கு யாராவது போயிருந்தால் எழுதுங்கள். அடுத்து அங்கேதான் போக வேண்டும்.